விளையாட்டுப் பொம்மைக்கும் ஒரு பரீட்சை!

ஆடிப்பெருக்கு சமயத்தில் ஒகேனக்கல் போனவர்களுக்குத் திருவிழாப் பொம்மைக் கடைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கீ கொடுத்தால் ஓடும் கார், ஸ்பிரிங் துப்பாக்கி, பொட்டு வெடித் துப்பாக்கி, கயிறு கட்டி இழுத்தால் தலையாட்டிக் கொண்டே வரும் வாத்து... பத்து ரூபாயில் ஆரம்பித்து இருநூறு, முந்நூறு வரை விலை. குழந்தை கை காட்டும், அப்பா பேரம் பேசுவார், வியாபாரம் முடிந்தது. ஆனால் "இந்தப் பொம்மையை யாராவது சோதித்துப் பார்த்தார்களா?" என்று கேட்டு வாங்குபவர்கள் எத்தனை பேர்?

குக்கர் வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்க்கிறோம். அயர்ன் பாக்ஸ் வாங்கினாலும் பார்க்கிறோம். வாயில் வைத்துக் கடிக்கப் போகும் பொம்மைக்கு மட்டும் பார்ப்பதில்லை! இத்தனைக்கும் 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கும் அந்த முத்திரை கட்டாயம். பொம்மையை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பரீட்சை வைக்கும் இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பது சுவாரசியமான வரலாறு. கொஞ்சம் சோகமான வரலாறும் கூட.

சிறுதேர் காலம்

தமிழ்நாட்டில் இயந்திரப் பொம்மைக்கு வயது குறைந்தது இரண்டாயிரம் வருடம் என்று சொல்லலாம். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் உருட்டிய மூன்று சக்கரச் சிறுதேர் வருகிறது. உலரப் போட்ட தானியத்தைத் தின்ன வந்த கோழியை விரட்ட, பெண்கள் தங்கக் குழையைக் கழற்றி எறிந்தார்களாம். அது சிறுதேர் போகும் வழியை மறித்துக் கிடந்ததாம். தமிழ் இலக்கியத்தின் முதல் டிராஃபிக் ஜாம் அதுதானோ என்னவோ!

அந்தச் சிறுதேரின் வாரிசுதான் நடைவண்டி. ஊர்த் தச்சர் செய்து தருவார். எந்த வீட்டுக் குழந்தைக்கு, அது எத்தனை மாதக் குழந்தை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கைப்பிடியில் சிராய் நின்றால் மறுநாள் காலையில் அந்தக் குழந்தையின் பாட்டி அவர் வாசலில் வந்து நிற்பார். அதனால் முன்கூட்டியே இழைத்து, தேய்த்து, தடவிப் பார்த்துத்தான் கொடுப்பார். அந்தக் காலத்து ஆய்வகம் அவருடைய உள்ளங்கை! அதற்காக எல்லாமே பத்திரமாக இருந்தது என்று அர்த்தம் இல்லை. நடைவண்டியோடு குப்புற விழுந்து நெற்றியைப் பெயர்த்துக் கொண்ட குழந்தைகள் ஏராளம். ஆனால் செய்தவருக்கும் விளையாடுபவருக்கும் நடுவில் ஒரு தெரு தூரம்தான் இருந்தது.

தொழிற்சாலை வந்ததும் அந்தத் தூரம் கடல் கடந்து போனது. ஜெர்மனியில் நியூரம்பெர்க் நகரம் தகரப் பொம்மைகளுக்குப் பேர் போனது. 1881இல் லேமன் என்பவரின் தொழிற்சாலை பிராண்டன்பர்க்கில் தொடங்கியது. நம் ஊர்த் திருவிழாக்களில் விளக்குத் திரி ஏற்றினால் 'டப்டப்' என்று ஓடுமே, அந்தத் தகரப் படகுக்குத் தாமஸ் பியோ என்பவர் பிரிட்டனில் 1891இல் காப்புரிமை வாங்கினார். தகரத்தை வெட்டி, மடித்து, காதை நுழைத்து முறுக்கினால் பொம்மை தயார். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் செய்யலாம். ஆனால் அந்த ஆயிரம் குழந்தைகளில் ஒருவரைக்கூடச் செய்பவருக்குத் தெரியாது. தகர விளிம்பில் விரல் கிழிந்தால் போய்க் கேட்க வாசலும் கிடையாது.

ஒரு சின்ன ஏவுகணை

வெளிநாடுகளிலும் சட்டம் உடனே வந்துவிடவில்லை. சுலபமாகத் தீப்பிடிக்கும் செல்லுலாய்டு பொம்மைகளுக்குப் பிரிட்டன் 1967இல்தான் தடை போட்டது. அமெரிக்காவில் 1966இல் ஒரு சட்டம் வந்தாலும் அது நச்சு, தீப்பிடிப்பு போன்றவற்றைத்தான் முக்கியமாகப் பார்த்தது. கூர்மை, உடைவது, நசுக்குவது, குத்துவது போன்ற இயந்திர ஆபத்துகளைச் சட்டத்துக்குள் கொண்டு வந்தது 1969ஆம் ஆண்டுச் சட்டம். நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கான சட்டம் 1972இல் வந்தது.

அதற்குப் பிறகும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அந்தச் சமயத்தில் ஒரு தொலைக்காட்சித் தொடரை வைத்து மேட்டல் நிறுவனம் விண்வெளிக் கப்பல் பொம்மைகளை விற்றது. பட்டனை அமுக்கினால் ஸ்பிரிங் விசையில் ஒரு குட்டி ஏவுகணை சீறிப் பாயும். 1978-79 பண்டிகைக் காலத்தில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் அதை வாயில் வைத்திருந்தபோது ஏவுகணை தொண்டைக்குள் போய்விட்டது. மூச்சடைத்து இறந்து போனான். 1979இல் அந்தப் பொம்மைகள் திரும்பப் பெறப்பட்டன.

அதே 1979இல் சிறு பாகங்களுக்கான விதி அமெரிக்காவில் வெளியாகி, 1980 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைப் பற்றிய விதி அது. செத்துப் போன சிறுவனுக்கோ நான்கு வயது! இதையும் சேர்த்து யோசித்துத்தான் பிற்காலத் தரங்களில் இன்னொரு விதி வைத்தார்கள். ஸ்பிரிங் போன்ற விசையால் பாயும் ஏவுபொருள், பொம்மை எந்த வயதுக்கானதாக இருந்தாலும், அடைத்துக் கொள்ளும் அளவுக்குச் சின்னதாக இருக்கக் கூடாது.

சரி, 'சின்னது' என்றால் எவ்வளவு சின்னது? இதற்கு விடையாக வந்ததுதான் சிறுபாக உருளை. உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர். நம் பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர், அதைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம், அவ்வளவே. அடிப்பக்கம் சாய்வாக இருக்கும். ஆழம் ஒரு பக்கம் 25.4, மறு பக்கம் 57.1 மில்லிமீட்டர். சின்னக் குழந்தையின் வாயையும் தொண்டையையும் உலோகத்தில் செய்து வைத்த மாதிரி. பொம்மையையோ, அதிலிருந்து கழன்ற பாகத்தையோ அமுக்காமல் உள்ளே போட வேண்டும். முழுசாக உள்ளே போய்விட்டால், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தப் பொம்மை ஆகாது.

பரீட்சை ஹாலில் என்ன நடக்கிறது?

1988இல் ஐரோப்பா தன் பொம்மைப் பாதுகாப்பு வழிகாட்டுதலைக் கொண்டு வந்தது. 2000இல் ஐ.எஸ்.ஓ. 8124 என்ற சர்வதேசத் தரத்தின் முதல் பகுதி வந்தது. இந்தியாவின் ஐ.எஸ். 9873 முதல் பகுதியும் இதை ஒட்டியதுதான். பொம்மையின் இயந்திர, பௌதிக குணங்களைச் சோதிப்பது இந்தப் பகுதியின் வேலை.

இதில் அடிப்படைக் கேள்வி, "குழந்தை இதை எப்படியெல்லாம் தப்பாக உபயோகிக்கும்?" என்பது. "வைத்து விளையாடத்தான் கொடுத்தோம், கடிக்கக் கொடுக்கவில்லை" என்று தயாரிப்பாளர் சொல்லித் தப்ப முடியாது. குழந்தை கடிக்கத்தான் செய்யும்!

குழந்தை பொம்மையைக் கீழே போடும். அதனால் ஒன்றரை வயதுக்கு உட்பட்டோருக்கான சின்னப் பொம்மையைச் சுமார் 138 செ.மீ. உயரத்திலிருந்து பத்து முறை போடுகிறார்கள். அதற்கு மேற்பட்ட வயதுக்கானதைச் சுமார் 93 செ.மீ. உயரத்திலிருந்து நான்கு முறை. கைக்குழந்தையின் பொம்மைக்கு ஏன் அதிக உயரம் என்று தோன்றும். கைக்குழந்தை இருப்பது அம்மாவின் இடுப்பில் அல்லவா!

குழந்தை கண்ணைப் பிடுங்கும், சக்கரத்தைத் திருகும். அதனால் முதலில் முறுக்கு சோதனை, பிறகு சுமார் ஏழு கிலோ எடைக்கு நிகரான விசையில் இழுவை சோதனை. கழன்று வந்தது எதுவானாலும் நேராக அந்த உருளைக்குப் போகும்.

குழந்தை விரலை விடும். மூடியும் கீலும் சேரும் இடத்தில் 5 மி.மீ. கம்பி நுழைந்தால் 12 மி.மீ. கம்பியும் நுழைய வேண்டும். அதாவது இடுக்கு ஒன்று விரலே நுழையாத அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் விரல் நசுங்காத அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். நடுவில் இருந்தால் ஆபத்து.

விளிம்பு கூராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு தண்டில் டெஃப்லான் டேப் சுற்றி, விளிம்பில் அழுத்தி ஒரு சுற்று சுற்றுவார்கள். உரசிய நீளத்தில் பாதிக்கு மேல் டேப் வெட்டுப்பட்டால் ஃபெயில். அந்த டேப் இருக்கும் இடத்தில் ஒரு குழந்தையின் விரல் இருந்திருக்கும்.

காந்தம் பற்றிய விதிகள் இன்னும் பிந்தையவை. விழுங்கிய இரண்டு காந்தங்கள் குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து ஒட்டிக் கொண்டால் குடலே ஓட்டையாகிவிடும். 2005-2007இல் அமெரிக்காவில் நடந்த மரணம், அறுவை சிகிச்சைகள், அவற்றைத் தொடர்ந்து வந்த பெரிய திரும்பப் பெறுதல்களுக்குப் பிறகுதான் இந்த விதிகள் கடுமையாயின. 2008இல் வெளி ஆய்வகச் சோதனையையே அமெரிக்கா சட்டமாக்கியது. இப்படி ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் பெயர் தெரியாத ஒரு குழந்தை நிற்கிறது.

இந்தியா விழித்த கதை

2009 ஜனவரியில் சீனப் பொம்மை இறக்குமதிக்கு இந்தியா ஆறு மாதத் தடை போட்டது. மார்ச்சிலேயே அது தளர்ந்து, சான்றிதழ் இருந்தால் வரலாம் என்று ஆனது. 2017 செப்டம்பரில் இறக்குமதிப் பொம்மைகளுக்கு ஐ.எஸ். தரங்களே அளவுகோலாயின. உள்நாட்டுப் பொம்மைகளுக்குத் தரம் இருந்தது, கட்டாயம் இல்லை.

2019இல் இந்தியத் தரக் குழுமம் டெல்லி சுற்றுவட்டாரச் சந்தையில் 121 பொம்மைகளை எடுத்துச் சோதித்தது. மூன்றில் இரண்டு பங்கு ஃபெயில்! பிளாஸ்டிக் பொம்மைகளில் ரசாயனத்தால் தோற்றவை 30 சதவீதம். இயந்திர, பௌதிகச் சோதனையில் தோற்றவையோ 80 சதவீதம். 'சீன விஷப் பொம்மை' என்ற பேச்சில் எல்லோரும் பெயிண்டைப் பற்றியே பயந்து கொண்டிருக்க, பெரிய ஆபத்து கழலும் சக்கரத்திலும் கிழிக்கும் விளிம்பிலும் இருந்தது.

2020 பிப்ரவரியில் பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகள் அனைத்தும் இதில் அடங்கும். அதே மாதப் பட்ஜெட்டில் இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023இல் 70 ஆனது. அரசுக் கணக்குப்படி 2018-19இல் 37.1 கோடி டாலராக இருந்த பொம்மை இறக்குமதி, 2021-22இல் 11 கோடி டாலராக இறங்கியது. ஆணை, வரி இரண்டும் சேர்ந்து வந்ததால் இது குழந்தைக்கான பாதுகாப்பா, தொழிலுக்கான பாதுகாப்பா என்ற கேள்வி எழுந்தது. இரண்டும்தான் என்பது நேர்மையான பதில்.

இன்னொரு சிக்கல் செலவு. முத்திரை உரிமம் வேண்டுமானால் தயாரிப்பாளரிடமே சோதனைக் கருவிகள் இருக்க வேண்டும் என்பது விதி. பெரிய கம்பெனிக்கு அது ஒரு வரிச் செலவு. நான்கு பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அது ஒரு வருட லாபம். எதிர்ப்பு கிளம்பியதும் குறுந்தொழில்களுக்கு இதில் தளர்வு கொடுத்தார்கள். பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் 2020 டிசம்பரில் விலக்கு கிடைத்தது. அதனால் தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மையும் சென்னபட்டணத்து மரப் பொம்மையும் தப்பின. நம் ஊர்த் தச்சரின் உள்ளங்கையைச் சட்டம் கொஞ்சம் நம்பியது எனலாம்.

தருமபுரிக்கு என்ன சம்பந்தம்?

1965இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவானது தருமபுரி மாவட்டம். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஓசூரும் அதன் சிப்காட் தொழிற்பேட்டையும் அந்தப் பக்கம் போய்விட்டன. மிச்சமிருக்கும் பாலக்கோடு, பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி எல்லாம் பெரும்பாலும் விவசாயப் பகுதிகள். இங்கே பொம்மை என்பது நெடுஞ்சாலை வழியாக வந்து இறங்கும் சரக்கு. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் தென்மண்டல ஆய்வகம் இருப்பது சென்னை தரமணியில், சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி.

சட்டம் தயாரிப்பவருக்கு மட்டும் அல்ல, விற்பவருக்கும் பொருந்தும். ஷோரூமுக்கும் திருவிழாக் கடைக்கும் ஒரே ஆணைதான். ஆனால் நடைமுறையில் சோதனைகள் பெரிய ஊர்களைச் சுற்றித்தான். 2023 ஜனவரியில் நாடு முழுக்க ஆயிரக்கணக்கான பொம்மைகளைப் பறிமுதல் செய்தார்கள். செய்தியில் வந்தவை விமான நிலையங்களும் மால்களும். தார்ப்பாய் விரித்து மூன்று நாள் கடை போட்டு நான்காம் நாள் வேறு ஊர் போகிறவரை எந்த அதிகாரி தேடிப் பிடிப்பார்? பிடித்தாலும், அவர் முதலே இரண்டாயிரம், மூவாயிரம்தான். அவருக்கு அபராதம் போடுவதைவிட, மொத்தக் கடையிலேயே முத்திரை இல்லாத சரக்கை நிறுத்துவதுதான் நியாயமும் பயனும்.

அதுவரை பெற்றோர் செய்யக் கூடியவை சில உண்டு. அட்டையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை, மேலே ஐ.எஸ். எண் (சாதாரணப் பொம்மைக்கு 9873, மின்சாரப் பொம்மைக்கு 15644), கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கிறதா பார்க்கலாம். அந்த எண் உண்மையானதா என்பதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டிப் பார்த்துவிடலாம். முத்திரை இல்லாத பொம்மை ஏற்கெனவே வீட்டில் இருந்தால் சக்கரத்தையும் கண்ணையும் நன்றாகத் திருகி இழுத்துப் பாருங்கள். விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பத்து ரூபாய் நாணயம் அளவில் எதுவும் கழன்று வந்தால், மூன்று வயதுக் குழந்தையின் கைக்கு அது போக வேண்டாம். குழந்தை அழும். அழட்டுமே, பத்து நிமிடத்தில் மறந்துவிடும்!