மாத்தளையில் மழையும் காய்ச்சலும்

1934–35ஆம் ஆண்டுகளில் இலங்கையைத் தாக்கிய மலேரியாக் கொள்ளைநோயை வரலாற்றாசிரியர் பெரும்பாலும் மருத்துவ நிகழ்வாகவோ அரசியல் நிகழ்வாகவோ நோக்கியுள்ளனர். ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்ட அந்நோயின்போது நிவாரணப் பணியில் ஈடுபட்ட இளைஞர் பலர் 1935 டிசெம்பரில் லங்கா சமசமாசக் கட்சியை அமைத்தனர் என்பது யாவரும் அறிந்ததே. மழை பற்றிய அறிவும் சுகாதார நிருவாகமும் உரிய காலத்திற் சந்திக்கத் தவறிய வரலாறாக அதனை நோக்குமிடத்து வேறு சில உண்மைகள் புலனாகின்றன. அவ்வாய்வுக்கு மாத்தளை மாவட்டம் மிகப் பொருத்தமான களம் என்பது எமது கருத்து.

இம்மாவட்டத்தின் வடபாலுள்ள தம்புள்ளை உலர் வலயத்தைச் சார்ந்தது. தென்பாலுள்ள மாத்தளை நகரும் உக்குவளையும் மலையடிவாரத்தின் ஈரலிப்பான நிலப்பகுதிகள். உலர் வலயத்தார் ஆண்டுதோறும் காய்ச்சலுக்கு உட்பட்டு ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர். ஈரலிப்பான பகுதியினருக்கு அஃது இருக்கவில்லை. இந்நிலவேறுபாட்டை முதலில் உடலால் அறிந்தோர், கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் மன்னாரிலிருந்து தம்புள்ளை, நாலந்தை வழியாகக் கால்நடையாய் மாத்தளையை அடைந்த தமிழ்த் தொழிலாளரே எனலாம். அவருட் பலர் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டனர்.

மலேரியாவைக் காவும் அனோபிலிஸ் குலிசிபேசீஸ் என்னும் நுளம்பு, வெயில் படும் தெளிந்த தேங்குநீரிற் பெருகுவது. வழமையான ஆண்டுகளில் பருவமழை வெள்ளம் ஆற்றுப்படுகைகளிலுள்ள குடம்பிகளை அடித்துச் சென்றுவிடும். 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஆறுகள் வற்றி, மணலிலும் பாறை இடுக்குகளிலும் குட்டைகளாயின. ஈர நாட்டைக் காத்து வந்த வெள்ளமே இல்லாது போயிற்று. ஆண்டிறுதிக்குள் காய்ச்சல் பெருகிப் பரவியது.

இந்நுளம்பே நோய்காவி என்பதைக் காட்டர் 1920களிலேயே இலங்கையில் நிறுவியிருந்தார். மழையளவு, மண்ணீரல் வீக்க வீதம், தானிய விலை ஆகியவற்றை இணைத்துக் கொள்ளைநோயை முன்னறியும் முறையை அதே காலப்பகுதியிற் கில் பஞ்சாபில் வகுத்திருந்தார். தானிய விலையை மருத்துவர் ஒருவர் கணக்கிற் கொண்டமை எம்மை வியக்கவைக்கின்றது. பசித்தோரையே காய்ச்சல் கொன்றது என்பதை அவர் கண்டிருந்தார். ஆயின் இலங்கை பற்றிய அவரது அறிக்கை வெளிவந்தது 1935இல். அதற்குள் பல்லாயிரவர் மாண்டுவிட்டனர்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் டீ.டீ.ரீ. தெளிப்பினால் நோய் ஒடுங்கியது. 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளரே பதிவாயினர். தெளிப்பு நிறுத்தப்பட்ட பின்னர் 1968–69இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் மீண்டும் நோயுற்றனர். மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தது 2016இலேயாகும்.

அதற்கடுத்த ஆண்டில் 1,86,101 டெங்கு நோயாளர் பதிவாயினர். டெங்கு நுளம்பு ஆற்றை நாடுவதன்று. தகரப்பேணி, வாகன ரயர், நீர்த்தொட்டி என நகர வாழ்வு தரும் கலங்களில் வளர்வது. மழை பெய்யின் அகற்றப்படாத குப்பையிலும், மழை பொய்த்துக் குழாய்நீர் தடைப்படின் மக்கள் வீட்டிற் சேமித்த நீரிலும் அது பெருகும். ஆதலின் மழையளவு ஒன்றை மாத்திரம் கொண்டு நகரத்துக்கு எச்சரிக்கை விடுத்தல் போதாது. மாத்தளை போன்ற நகரொன்றிற் குப்பை அகற்றுதல் மாநகர சபையின் பணி. குழாய்நீர் தேசிய நீர்வழங்கல் சபையின் பொறுப்பு. மழை முன்னறிவிப்பு வளிமண்டலவியல் திணைக்களத்தினது. நோய்க்கணக்கு தொற்றுநோயியற் பிரிவினது. நீர்வெட்டு அட்டவணை தயாரிக்கப்படும் மேசைக்கு அவ்வாரத்து நோய்க்கணக்கும் வந்து சேரவேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.