வில்லன் என்னும் சொல்லின் வரலாறு

சென்ற திங்களில் நம் சங்கப் படிப்பகத்தில் ஆங்கில நாட்டுச் சரித்திரம் படித்துக்கொண்டிருந்த மாணவன் ஒருவன் நம்மை அணுகி, "ஐயா, 1086ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கணக்கெடுக்கப்பட்டோரில் பத்தில் நால்வர் வில்லன்கள் என்று இந்நூல் கூறுகின்றதே, அத்தனை தீயோரா அந்நாட்டில் இருந்தனர்?" என்று வினவினான். அருகிலிருந்தோர் நகைத்தனர். நாம் நகைக்கவில்லை. வினா நல்ல வினாவாகும். அதற்கு அன்று நாம் கூறிய விடையைச் சிறிது விரித்து ஈண்டு எழுதுகின்றோம்.

இலத்தீன் பாஷையில் 'வில்லா' என்பது நாட்டுப்புறத்துப் பண்ணை வீட்டையும் அதனைச் சார்ந்த நிலத்தையும் குறிக்கும். அப்பண்ணையைச் சார்ந்து பயிரிடுவோன் 'வில்லானுஸ்' எனப்பட்டான். கிராமத்தைக் குறிக்கும் 'வில்லேஜ்' என்னும் ஆங்கிலச் சொல்லும் இவ்வேரினின்று கிளைத்ததே. ஆகவே வில்லன் என்பான் ஆதியில் ஒரு கிராமத்தான், அவ்வளவே. பிரெஞ்சு மொழி வாயிலாக, நார்மானிய அரசன் வில்லியம் 1066இல் இங்கிலாந்தை வென்ற பின்னர், இச்சொல் அந்நாட்டிற் குடியேறிற்று.

அவ்வரசன் வரி விதித்தற்பொருட்டு ஊர்தோறும் நிலம், ஏர், மாடு, குடி யாவற்றையும் எண்ணி எழுதுவித்தான். 1086ஆம் ஆண்டின் அக்கணக்கே 'டூம்ஸ்டே புத்தகம்' எனப்படுவது. மாணவன் கண்ட தொகை அதிலிருந்து எடுக்கப்பட்டது. அதிலே அடிமைகள் வேறாக எண்ணப்பட்டனர். வில்லன்கள் அவரினும் மேற்பட்ட குடியானவர். ஏறக்குறைய 30 ஏக்கர் நிலமும், எட்டு எருது பூட்டும் பேரேரில் இரண்டு எருதுகளும் உடையவன் ஒரு நல்ல வில்லன். அந்நாட்டிற்கு உணவளித்தவருள் பெரும்பாலார் இவரே.

ஆனால் அடுத்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் அரசனுடைய நியாயஸ்தலங்களில் வழக்குரைஞர் இவர்களைச் சட்டத்தாற் கீழே அழுத்தினர். தன் பிரபுவுக்கு எதிராக அரச நீதிமன்றத்தில் வழக்கிட வில்லனுக்கு உரிமையில்லை என்றாயிற்று. வாரத்தில் இத்தனை நாள் பிரபுவின் சொந்த நிலத்தில் கூலியின்றி உழுதல் வேண்டும். மகளை மணஞ்செய்து கொடுப்பின் அதற்கொரு வரி. அவன் இறந்துபட்டாலோ, வீட்டிலுள்ள மாடுகளிற் சிறந்ததொன்றைப் பிரபு ஓட்டிச் செல்வான். துக்க வீட்டுத் தொழுவத்தில் மாடு அவிழ்க்கப்படுவதை எண்ணிப் பார்க்க! மாலையில் உறங்கச் செல்லும்போது மறுநாட் காலை தனக்கு என்ன வேலை இடப்படும் என்று அறியாதவன் எவனோ அவனே வில்லன் என்பது அக்காலத்துச் சட்ட நூலார் கூறிய இலக்கணத்தின் கருத்து.

இனிப் பொருள் கெட்ட வரலாறு. பிரபுக்களும் அவர்தம் நியாயவாதிகளும் பேசியது பிரெஞ்சு. அம்மொழியில் 'இழிந்தது' எனப் பொருள்படும் வேறொரு சொல்லும் ஒலியில் இதனோடு ஒத்திருந்தது. இரண்டும் தம்முள் மயங்கின. கிராமத்தான் என்ற சொல் நயமறியாதவன் என்றாகி, இழிகுணத்தான் என்றாகி, முடிவில் கொடியவன் என்றாயிற்று. நம் பாஷையிலும் 'பட்டிக்காட்டான்' என்பதை எவர் எவரைநோக்கி எக்குரலிற் கூறுகின்றனர் என்பதை நேயர்கள் அறிவர்.

இது தனித்ததொரு நிகழ்ச்சியன்று. பழைய ஆங்கிலத்திற் சுதந்திரமுள்ள குடியானவனைக் குறித்த 'சர்ல்' என்பது பிற்காலத்தில் முரடனைக் குறித்தது. உழவனைக் குறித்த 'பூர்' என்பது நாகரிகமற்றவனைக் குறித்தது. மறுபக்கம் பார்ப்போமாயின், நற்குலத்திற் பிறந்தவன் என்று மட்டுமே பொருள்பட்ட 'ஜென்டில்' என்பது மென்மையும் இனிமையும் உடையவன் என்று உயர்ந்துவிட்டது. சி. எஸ். லூயிஸ் என்னும் ஆங்கில அறிஞர் 1960இல் வெளியிட்ட சொல்லாராய்ச்சி நூலில், நிலையைக் குறித்த சொற்கள் குணத்தைக் குறிப்பனவாக மாறும் இவ்வியல்பை எடுத்துக் காட்டினார். எழுதுகோல் எவர் கையிலிருந்ததோ அவரே குணத்தையும் பங்கிட்டனர் என்பது நம் கருத்து. தம் குலப்பெயர் பிறர் வாயில் வசைச்சொல்லாக வழங்குவது பொறாது, குடிக்கணக்கில் வேறு பெயர் எழுதும்படி நம் நாட்டுச் சமூகங்கள் பல 1931க்கு முன்னர் விண்ணப்பஞ் செய்துகொண்டதை மூத்தோர் வாயிலாகக் கேட்டிருப்போர்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை.

வில்லன்கள் வாளா இருந்தாரல்லர். 1348, 1349ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயில் மக்கள் பெருவாரியாக மாண்டபின், உழுவார் அருகிக் கூலி உயர்ந்தது. அதனைத் தடுக்க 1351இற் சட்டம் பிறந்தது. பின்னர்த் தலைவரியும் சேரவே 1381இல் உழவர் கிளர்ந்தெழுந்து இலண்டன் புகுந்தனர். ஜூன் 14ஆம் நாள், பதினான்கு வயதினனான இரண்டாம் ரிச்சர்டு மன்னன் மைல் எண்டு என்னுமிடத்தில் அவர்களைக் கண்டு, அடிமைத்தளை நீங்கிற்றென்று சாசனங்கள் அளித்தான். மறுநாள் தலைவன் வாட் டைலர் கொல்லப்பட்டான். ஜூலை 2ஆம் நாள் சாசனங்கள் யாவும் ரத்தாயின. பதினெட்டு நாளே அந்த விடுதலை.

எனினும் அந்நிலைமை சட்டத்தால் ஒழிக்கப்படாமலே மெல்லத் தேய்ந்தது. உழைப்புக்கு ஈடாகப் பணங்கட்டிப் பண்ணை நீதிமன்றப் பதிவின் நகலையே தம் உரிமைப் பத்திரமாகக் கொண்டனர் குடியானவர். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குப் பின் வில்லன்நிலை பற்றிய வழக்கே நீதிமன்றத்தில் எழவில்லை. அப்போது சொல்லின் இரு பொருளும் உயிரோடிருந்தன: ஷேக்ஸ்பியருடைய நாடகமொன்றில், தீயவன் என்னும் பொருளில் தன்னை வில்லன் என்று ஏசிய தமையனுக்கு ஆர்லாண்டோ என்பான், தான் இன்ன பிரபுவின் மகனாதலால் வில்லனல்லன் என்று பிறப்பைச் சுட்டி மறுமொழி கூறுகின்றான்.

செத்த சட்டம் ஒருமுறை நன்மையும் செய்தது. அமெரிக்காவினின்று இங்கிலாந்திற்குக் கொண்டுவரப்பட்ட ஜேம்ஸ் சாமர்செட் என்னும் நீக்ரோ அடிமை தப்பியோடிப் பிடிபட்டு, ஜமெய்க்கா செல்லும் கப்பலில் விலங்கிடப்பட்டான். 1772இல் அவன் பொருட்டு வாதித்த ஹார்கிரேவ், இங்கிலாந்துச் சட்டம் அறிந்த அடிமைநிலை வில்லன்நிலை ஒன்றே, அது அற்றுப்போயிற்று, புதியதொன்றை உண்டாக்க ஒருவர்க்கும் அதிகாரமில்லை என்றார். அவனைப் பலவந்தமாக நாடு கடத்தச் சட்டத்தில் இடமில்லை என்று கண்டு மான்ஸ்பீல்டு பிரபு ஜூன் 22ஆம் நாள் அவனை விடுவித்தார். ஏடுகளிற் கிடந்து மக்கிய உழவனுடைய நிலைமை, ஒரு நீக்ரோவின் விலங்கைத் தறிக்கக் கருவியாயிற்று! இதனை முதன்முறை படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

நாடக மேடையில் தீயவன் வேடத்திற்கு இப்பெயர் நிலைத்து, அங்கிருந்து சினிமாவுக்கு வந்து, தமிழிலும் புகுந்தது. பி. எஸ். வீரப்பா, எம். என். நம்பியார் முதலிய நடிகரால் பட்டிதொட்டியெங்கும் பரவிற்று. வில்லையுடையவன் வில்லன் என்று பொருள்கொள்வாரும் உளர். அங்ஙனமாயின் இராமபிரானன்றோ முதல் வில்லன்!

இக்காலத்து ஆங்கிலேயர், உழவனுக்கு ஓரெழுத்தும் தீயவனுக்கு வேறோரெழுத்துமாக மாற்றி எழுதி இருவரையும் பிரித்துவிட்டனர். தமிழில் எழுதுங்கால் அவ்வேற்றுமை மறைந்துபோகின்றது. மாணவன் நம் விடையைக் கேட்டுச் சற்று நேரம் பேசாதிருந்து, தன் குறிப்பேட்டில் 'வில்லன்' என்றிருந்ததை அடித்துவிட்டுப் 'பண்ணைக் குடியானவன்' என்று எழுதிக்கொண்டான்.