கிராமத்து வீடும் அண்டை வீடும்

கிராமத்து ஏழைகளுக்குச் சர்க்கார் வீடு கட்டித் தருவது புதிதன்று. ஆயினும் அவ்வீடுகள் பெரும்பாலும் ஊருக்குப் புறம்பே காலனிகளாக எழுந்தமையால், கூரை மாறியும் தெருப் பிரிவினை மாறவில்லை.

இக்குறையை நீக்கவே தமிழ்நாட்டு அரசாங்கம் 1997-ஆம் ஆண்டில் சமத்துவபுரத் திட்டத்தை வகுத்தது. மதுரை ஜில்லா மேலக்கோட்டையில் 1998-இல் முதலாவது சமத்துவபுரம் திறக்கப்பெற்றது. 100 வீடுகளில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, ஏனையோருக்கு 10 என வகுத்து, அவற்றைக் கலந்தே அளித்தனர்.

சுவரெழுப்பும் செலவைச் சர்க்கார் ஏற்கலாம். அண்டை வீட்டாரை ஏற்கும் மனத்தை யார் அளிப்பர்? நம்மவர் ஒருவருக்கு அத்தகைய வீடு கிடைப்பின், தடை சொல்லாது வாழ்த்தி அனுப்புவதே நம் சங்கத்திற்கு அழகாகும்.