நுரைக்கு ஒரு கடிவாளம்

போன வாரம் கலிபோர்னியாவிலிருந்து அக்கா மகன் போன். "மாமா, பீர் பொங்கி மூடி பிச்சுக்கிட்டுப் போச்சு. சீலிங் பூரா நுரை. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க!"

அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்ச அனுமதிக்கும் சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டது 1978ல். ஆக, பயல் சட்டப்படிதான் சீலிங்கை நாசம் செய்திருக்கிறான். இங்கே செம்பூரில் லைசென்ஸ் இல்லாமல் நான் காய்ச்சினால் 1949ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் பாயும். (பேங்க் வேலை போவது தனி!)

சரி, விஷயத்துக்கு வருவோம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் ஆக்குகிறது. அந்தக் குமிழிகளை மால்ட்டில் உள்ள புரதம் உடைய விடாது. அதுதான் நுரை. சூடு கூடினால் இன்னும் வேகம். இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர்க்காரர்கள் நுரையோடு மல்லுக்கட்டவில்லை, வழி விட்டார்கள். 1838ல் பீட்டர் வாக்கர் காப்புரிமை வாங்கிய முறையில், பீப்பாய் தலையில் அன்னத்தின் கழுத்து மாதிரி ஒரு குழாய். நுரை அது வழியாக ஏறி மேல் தொட்டியில் விழும். ஈஸ்ட் அங்கேயே தங்கிவிட, பீர் மட்டும் பீப்பாய்க்குத் திரும்பும். மாப்பிள்ளைக்கு நான் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். பாத்திரத்தில் கால் பங்கு காலியாக விடு, அகலமான குழாய் சொருகி மறுமுனையைத் தண்ணீர் வாளியில் போடு, குளிர்ந்த இடத்தில் வை.

"உங்களுக்கு எப்படி மாமா இதெல்லாம்?" என்றான். நான் படித்தது பி.காம். நுரை பழகியது தாத்தாவிடம்.

உடன்குடி பக்கம் தாத்தா பனையேறி. பாளையிலிருந்து சொட்டும்போதே காற்றிலும் கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் அந்தக் காரத்தில் ஈஸ்ட் முடங்கிப்போகும். அது பதனீர். தடவாவிட்டால் நுரைத்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு கூடினால் வாயில் வைக்க முடியாது, குறைந்தால் மதியத்துக்குள் பொங்கும். தாத்தாவுக்கு அளவுகோல் விரல்தான்.

சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது 1948ல். பிறகு கடைகளைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, கடைசியில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. பீரின் நுரையை அரசே டாஸ்மாக்கில் விற்கிறது, பனையின் நுரை மட்டும் குற்றம். இந்தக் கணக்கு எனக்கு இன்றும் டேலி ஆகவில்லை.

நான் எட்டாவது படிக்கையில், ஒரு சித்திரை வெயிலில் இரண்டு கலயம் நுரைத்துவிட்டது. தாத்தா இறங்கும்போது கீழே போலீஸ். நுரையே சாட்சி. அபராதம் கட்ட அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. அதற்குப் பிறகு தாத்தா பனை ஏறவில்லை.

மாற்றலாகி மும்பை வந்த புதிதில், லோக்கல் ஸ்டேஷன் கடை ஒன்றில் நீரா குடித்தேன். நம்ம பதனீருக்குச் சொந்தக்காரன். சுண்ணாம்பு வாசனையே இல்லை, ஐஸில் வைத்திருந்தார்கள். குளிரிலும் ஈஸ்ட் தூங்கிவிடும். தாத்தாவிடம் சொல்லியிருந்தால் "பனை உச்சியில ஐஸுக்கு எங்கலே போவ?" என்று கேட்டிருப்பார்.

நேற்று மாப்பிள்ளை போட்டோ அனுப்பினான். வாளித் தண்ணீரில் குழாய், அடக்கமாக நாலு குமிழி. "இந்தத் தடவ பொங்கல மாமா."