டோலோஸ்

டோலோஸ் என்பது துறைமுக அலைத்தடுப்புச் சுவரின் கடல்பக்கச் சரிவில் காப்படுக்காகப் போடப்படும் கான்கிரீட் கட்டி. நடுவே ஒரு தண்டும், அதன் இரு முனைகளிலும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் திரும்பிய இரு கால்களும் கொண்டது. தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில், புயலால் சிதைந்த அலைத்தடுப்பைச் சீரமைக்க 1960களின் தொடக்கத்தில் உருவானது. துறைமுகப் பொறியாளர் எரிக் மெரிஃபீல்ட் இதன் படைப்பாளராக அறியப்படுகிறார். வடிவத்தைத் தந்தவர் வரைவாளர் ஆப்ரி குரூகர் என்போரும் உண்டு. காப்புரிமை பெறப்படாததால் பல நாடுகள் கட்டணமின்றிப் பயன்படுத்தின.

செயல்படும் விதம்

அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் ஹட்சன் 1950களில் வகுத்த சூத்திரப்படி, காப்புக் கல்லின் எடை அலை உயரத்தின் மும்மடிக்கு ஏற்ப அமைய வேண்டும். அலை இருமடங்கு உயர்ந்தால் எடை எட்டு மடங்காகும். அத்தனை பெரிய பாறைகள் எல்லாக் குவாரிகளிலும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் ஏற்றி இறக்கும் செலவு அதிகம்.

டோலோஸ் எடையை மட்டும் நம்பி நிற்பதில்லை. கால்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. அடுக்கில் ஏறத்தாழ பாதி வெற்றிடம் என்பதால், அலை உள்ளே புகுந்து வேகமிழக்கிறது. அதனால் குறைந்த கான்கிரீட்டே பெரிய அலைகளைத் தாங்குகிறது. கடல்நீரில் கம்பி துருப்பிடிக்கும் என்பதால் பெரும்பாலும் கம்பியின்றியே வார்க்கிறார்கள்.

குறைபாடு

போர்ச்சுகலின் சினெஸ் துறைமுகத்தில், பணி முடியும் தறுவாயில் இருந்த அலைத்தடுப்பு 1978 பிப்ரவரிப் புயலில் பெரும் சேதமடைந்தது. 42 டன் டோலோஸ்கள் ஏராளமாக உடைந்தன. இதற்குக் கூறப்பட்ட பல காரணங்களில் முக்கியமானது தண்டின் மெலிவு. கட்டியைப் பெரிதாக்கினால் எடை மும்மடியில் கூடுகிறது. சுமையைத் தாங்கும் குறுக்குவெட்டுப் பரப்போ இருமடியில்தான் கூடுகிறது. அலையில் கட்டிகள் ஆடி மோதும்போது இழுவிசை தாங்காமல் கான்கிரீட் பிளக்கிறது. உடைந்த துண்டுகளுக்குக் கோத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை. பக்கத்துக் கட்டிகளும் பிடி இழக்கின்றன.

பின்வந்த மாற்றங்கள்

சினெஸ் நிகழ்வுக்குப் பின், கட்டி நகருமா என்பதோடு உடையுமா என்பதையும் வடிவமைப்பில் கணக்கிடுவது இன்றியமையாததாயிற்று. பெரிய டோலோஸ்களுக்குத் தண்டு தடிப்பாக்கப்பட்டது. 1981-இல் பிரான்சில் அறிமுகமான அக்ரோபோட் தடித்த உடல் கொண்டது. இரண்டு அடுக்குக்குப் பதில் ஒரே அடுக்காகப் போடப்படுவதால் கான்கிரீட் மிச்சமாகிறது. உடையாத தடிப்பும் சிக்கனமும் ஒரே கட்டியில் இயலும் என்பதை அது காட்டியது.