இரண்டு டை டெஸ்டுகளும் ஒரு நீண்ட லென்சும்

டெஸ்ட் கிரிக்கெட் வரலாற்றில் இதுவரை "டை" ஆன போட்டிகள் இரண்டே இரண்டுதான். ஒன்று 1960 டிசம்பர் 14 அன்று பிரிஸ்பேனில் முடிந்தது. மற்றொன்று 1986 செப்டம்பர் 22 அன்று சென்னை சேப்பாக்கத்தில் முடிந்தது. இரண்டிலும் ஆஸ்திரேலியா ஆடியது. இரண்டுமே கடைசி ஓவரில், ஒரு பந்து மீதம் இருக்கும்போது முடிந்தன!

பிரிஸ்பேனில் ஜோ சாலமன் பக்கவாட்டிலிருந்து எறிந்த பந்து ஸ்டம்பைச் சாய்த்தது. மெக்கிஃப் ரன் அவுட். வெஸ்ட் இண்டீஸ் வீரர்கள் துள்ளிக் குதிக்கும் அந்தப் படத்தை எடுத்தவர் "தி ஏஜ்" பத்திரிகையின் ரான் லோவிட். அக்காலப் பத்திரிகைக்காரர்கள் வைத்திருந்தது "லாங் டாம்" எனப்படும் ராட்சத கேமரா. ஒரு பிளேட்டுக்கு ஒரே ஒரு படம்தான். அப்போது லோவிட்டிடம் ஒரு பிளேட்தான் மிச்சம் இருந்தது என்று சொல்வார்கள். பந்தைத் துரத்தி எடுத்த படம் அல்ல அது. விக்கெட்டைக் குறிவைத்துக் காத்திருந்து எடுத்தது.

சேப்பாக்கத்தில் இந்தியாவின் இலக்கு 348. ஸ்கோர் 347 ஆனபோது கிரெக் மேத்யூஸ் வீசிய பந்து மனிந்தர் சிங்கின் காலில் பட்டது. நடுவர் விக்ரம்ராஜு விரலை உயர்த்தினார். எதிர்முனையில் ரவி சாஸ்திரி 48 ரன்னுடன் நின்றிருந்தார்.

இந்தக் காட்சியை நீண்ட லென்சில் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 35 மி.மீ. பிலிமில் 600 மி.மீ. லென்சு, 80 மீட்டர் தூரம். படத்தில் அடங்கும் அகலம் 5 மீட்டர்கூட இல்லை. பிட்ச்சின் நீளமோ 20 மீட்டர். பக்கவாட்டில் நின்றால் பேட்ஸ்மேனும் நடுவரும் ஒரே படத்தில் வரமாட்டார்கள். நேர்கோட்டில் நின்றால் இருவரும் வருவார்கள். ஆனால் எப்4 திறப்பில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 4 மீட்டர்தான், ஒருவர் மங்கிவிடுவார். காலா, விரலா? பந்து வீசப்படும் முன்பே முடிவு செய்தாக வேண்டும்!

வேகம் அடுத்த சிக்கல். 140 கி.மீ. வேகத்தில் வரும் பந்து 1/250 நொடியில் 15 செ.மீ. நகர்ந்து கோடாகிவிடும். 1/1000 நொடியில் 4 செ.மீ.தான். கை நடுக்கத்துக்கும் இதே மருந்துதான்: லென்சு 600 என்றால் ஷட்டர் குறைந்தது 1/600 வேண்டும் என்பது பழைய விதி. லென்சைத் தாங்க ஒற்றைக்கால் ஸ்டாண்டும் தேவை.

மூன்றாவது எதிரி வெயில். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் மதிய நேரம் தகடுகளுக்கு மேல் காற்று நெளிவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அந்தக் கானல் நடுவில் வந்தால் எத்தனை லட்ச ரூபாய் லென்சானாலும் படம் குழம்பும். கிட்டப் போவதும் காலையில் எடுப்பதுமே வழி.

சேப்பாக்கம் போட்டிக்கு அடுத்த ஆண்டு, 1987-ல், கேனான் தானியங்கி போகஸ் கொண்ட இஓஎஸ் கேமராவைக் கொண்டுவந்தது. 1995-ல் நடுக்கம் தணிக்கும் லென்சு வந்தது. 2023-ல் சோனி அறிவித்த ஒரு கேமரா நொடிக்கு 120 படம் எடுக்கிறது. லோவிட்டுக்குக் கிடைத்தது ஒன்று!

ஆனாலும் லென்சின் பார்வை அதே 5 மீட்டர்தான். எந்த 5 மீட்டர் என்பதை கேமரா சொல்லாது. ஆட்டம் தெரிந்தவன்தான் சொல்ல வேண்டும்.