கறியும் கொம்பும்: விஸ்கான்சினிலும் ஸ்காட்லாந்திலும் நவம்பர் மான் வேட்டை

தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒன்பது நாள் துப்பாக்கி சீசன் தொடங்குகிறது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பளிச்சென்ற ஆரஞ்சு உடையோடு விடியுமுன்பே காட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடுவார்கள். அதே நாட்களில் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் இந்த ஆரவாரம் எதுவும் இருக்காது. எஸ்டேட்டில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஸ்டாக்கர் தனியாகவோ ஓர் உதவியாளோடோ ஈரச்சரிவில் படுத்து ஊர்ந்து, பெண் செம்மான் கூட்டத்தை நெருங்கிக்கொண்டிருப்பார். இரண்டு இடத்திலும் மான் கறியாகிறது. அந்தக் கறி யாருக்குச் சேரவேண்டும் என்பதில்தான் இரண்டு ஊர்ச் சட்டங்களும் எதிரெதிராக நிற்கின்றன. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை என்றாலே கைதுச் செய்தி என்று பழகிவிட்ட நாம் இந்த வேறுபாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

விஸ்கான்சினில் மான் பொதுச்சொத்து. மக்கள் சார்பில் மாநிலம் அதைக் காக்கிறது; லைசென்ஸ் வாங்கிய யாரும் அரசுக் காடுகளில் வேட்டையாடலாம். ஆனால் சுட்ட மானின் கறியை விற்கக் கூடாது. இந்தத் தடைக்குப் பின்னால் ஒரு பெரிய அழிவு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ரயில் வந்ததும், காட்டில் சுட்ட மான்கள் பெட்டி பெட்டியாக நகரச் சந்தைகளுக்குப் போயின. விலை இருந்த வரை சுட்டார்கள். கோடிக்கணக்கில் இருந்ததாகக் கருதப்படும் வெள்ளைவால் மான், 1900 வாக்கில் நாடு முழுவதிலும் சில லட்சங்களாகக் குறைந்துவிட்டது. அந்த ஆண்டு வந்த லேசி சட்டம், முறைகேடாகக் கொன்ற விலங்குகளை மாநிலம் தாண்டி விற்பதைக் குற்றமாக்கியது. மாநிலங்களும் ஒவ்வொன்றாக விற்பனைக்கே தடை போட்டன. 1937-இல் வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதித்த 11 சதவீத வரியை வனவிலங்கு மீட்புக்கென்றே ஒதுக்கினார்கள். இன்று நாடு முழுவதும் சுமார் 3 கோடி வெள்ளைவால் மான்கள் இருக்கின்றன. கறிக்கு விலை இல்லாமல் செய்ததுதான் அந்த விலங்கைக் காப்பாற்றியது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பொதுச்சொத்து என்ற இந்த ஏற்பாட்டுக்கும் முந்தைய உரிமை ஒன்று அதே மண்ணில் உண்டு. வடக்கு விஸ்கான்சினின் ஓஜிப்வே மக்கள் 1837, 1842 ஒப்பந்தங்களில் நிலத்தை விட்டுக்கொடுத்தபோதும் வேட்டை உரிமையை விடவில்லை. அந்த உரிமை இன்னும் உயிரோடிருக்கிறது என்று நீதிமன்றம் சொல்ல 1983 வரை ஆயிற்று.

ஸ்காட்லாந்தில் உயிரோடிருக்கும் மான் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதைச் சுடும் உரிமை நிலத்துக்காரருக்கு மட்டுமே. தனியார் நிலத்தில் பாதியளவு ஐந்நூறு பேருக்கும் குறைவானவர்கள் கையில் இருக்கும் நாடு அது. சுட்ட மானைத் தாராளமாக விற்கலாம். வியாபாரி வந்து எடைபோட்டு வாங்கிப் போவார். அங்கே துப்பாக்கி தொடாதவரும் காட்டு மான் கறியைக் கடையில் வாங்கிச் சாப்பிடலாம். விஸ்கான்சினில் அதற்கு வேட்டைக்காரர் வீட்டில் பிறந்திருக்க வேண்டும், அல்லது அவருக்கு நண்பராக இருக்க வேண்டும். அமெரிக்க உணவகத்தில் விலை கொடுத்துச் சாப்பிடும் மான் கறி பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்தது. அதிலும் பெரும்பங்கு நியூசிலாந்திலிருந்து வந்தது.

விற்கலாமா கூடாதா என்பது கத்தி வைக்கும் இடத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஸ்காட்லாந்து ஸ்டாக்கர் மானை விழுந்த இடத்திலேயே வயிறு கீறிக் குடலை எடுப்பார். எடுத்ததைக் கண்மூடித்தனமாக வீசிவிட மாட்டார். ஈரலைப் புரட்டி, குடலோடு ஒட்டிய நிணநீர்க் கணுக்களை விரலால் தடவி, வீக்கமோ சீழோ உண்டா என்று பார்ப்பார். பிறகு உடலை மலையிலிருந்து இறக்க வேண்டும். சில எஸ்டேட்டுகளில் இன்றும் அதைக் குட்டையான மலைக் குதிரைதான் சுமக்கிறது. கீழே மான்களைத் தொங்கவிடுவதற்கென்றே கட்டிய குளிர் அறையில் உடலின் உள்வெப்பம் 7 டிகிரிக்கு மேல் போகாமல் வைத்திருப்பார்கள். பயிற்சி பெற்றவர் பார்த்துக் கையெழுத்திட்ட சீட்டு தொங்கினால்தான் வியாபாரி எடுப்பார். தெரியாத ஒருவர் சாப்பிடப் போகிறார் என்பதால் வந்த ஒழுங்கு இது.

விஸ்கான்சினில் குளிர் அறையின் வேலையை நவம்பர் மாதமே செய்கிறது. குடல் நீக்கிய மான் வீட்டு மரக்கிளையிலோ கார் ஷெட் உத்தரத்திலோ தொங்கும். சிலர் கறிக்கடைக்குக் கொடுத்து வெட்டி வாங்குவார்கள். பலர் அடுக்களை மேசையில் குடும்பமாக உட்கார்ந்து, ஜவ்வைச் சீவி, முதுகுக்கறியைத் தனியே எடுத்துவைத்து, மற்றதைப் பன்றிக் கொழுப்போடு அரைத்துச் சாசேஜ் செய்வார்கள். மான் கறியில் கொழுப்பு மிகக் குறைவு என்பதால் இந்தக் கலவை தேவை. வளர்ந்த பெண் மானில் எலும்பில்லாமல் 20 கிலோ தேறினால் நல்ல கணக்கு. எந்த அதிகாரியும் சோதிக்காத கறிதான். சாப்பிடப்போவது தன் பிள்ளைகள் என்பதே அங்கே காவல். மிஞ்சினால் அக்கம்பக்கத்துக்கும் இல்லாதவர்களுக்கும் போகும். வேட்டைக்காரர்கள் கொடுக்கும் மான்களை வெட்டி உணவு வங்கிகளுக்கு அனுப்பும் திட்டம் 2000-இலிருந்து அந்த மாநிலத்தில் நடக்கிறது. ஸ்காட்லாந்தின் சீட்டையும் குளிர் அறையையும் மதிக்கிறேன். ஆனாலும் இந்தப் பகிர்வு எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது.

இதுவரை கறியைப் பற்றிச் சொன்னேன். இரண்டு ஊரையும் குழப்பியது கொம்பு.

கறிக்காகச் சுடுபவர் பின் இலையுதிர்காலத்தில் பெண் மானைத்தான் தேட வேண்டும். ஆண் அப்போதுதான் துணைதேடி ஓடி, தின்னாமல் சண்டையிட்டு இளைத்திருக்கும், கறியும் வீச்சமடிக்கும். பெண் மான் கோடைப் புல்லில் தேறிய உடம்போடு இருக்கும். பெண்ணைக் குறைத்தால்தான் கூட்டமும் குறையும். இது தெரிந்தும் செய்ய இரண்டு ஊருக்கும் மனம் வரவில்லை. விஸ்கான்சினில் 1943-இல், காடு தாங்காது என்று கொம்பில்லாத மான்களையும் சுட அனுமதித்தார்கள். அந்த ஆண்டுதான் மாநில வளப்பாதுகாப்பு ஆணையத்தில் உறுப்பினரான காட்டுயிர் அறிஞர் அல்டோ லியோபோல்ட் இதற்காக வாதாடினார். 1,20,000-க்கும் மேற்பட்ட மான்கள் விழுந்தன. மக்கள் கொதித்து அதற்கு ‘நாற்பத்து மூன்றின் குற்றம்’ என்றே பெயரிட்டார்கள். மறு ஆண்டே பழையபடி ஆண் மான் மட்டும் என்று ஆனது. மான் பெருகிவிட்டது என்பதை, அதைக் காப்பாற்றியவர்களின் வாரிசுகளால் ஏற்க முடியவில்லை. அந்தப் பாசத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு விலை கொடுத்தவை காட்டின் இளம் மரக்கன்றுகள்.

ஸ்காட்லாந்தில் காரணம் வேறு. 1850-களில் விக்டோரியா அரசி குடும்பம் பால்மோரல் எஸ்டேட்டை வாங்கியதும், எட்வின் லான்சியரின் ‘மொனார்க் ஆஃப் தி கிளென்’ ஓவியம் கொண்டாடப்பட்டதும் கொம்புள்ள ஆண் மானைக் கனவாக்கின. அன்றிலிருந்து கோடையிலும் இலையுதிர்காலத் தொடக்கத்திலும் ஆண் மானைச் சுடப் பணக்கார விருந்தாளிகள் காசு கொடுத்து வருகிறார்கள். எஸ்டேட்டின் மதிப்பையே சுடக்கூடிய ஆண் மான்களை எண்ணிச் சொல்வது வழக்கமாயிற்று. ஆண் மான் வேண்டுமென்றால் தாய்க்கூட்டம் பெரிதாக இருக்க வேண்டும். எனவே அக்டோபர் 21-இல் தொடங்கி பிப்ரவரி 15 வரை நீளும் பெண் மான் பருவம், விருந்தாளி போன பிறகு ஸ்டாக்கர் தலையில் விழும் வேலையாகிவிட்டது. மழையிலும் பனியிலும் பொழுது சீக்கிரம் சாயும் நாட்களில் செய்ய வேண்டியது. தாயைச் சுட்டால் பக்கத்தில் நிற்கும் கன்றையும் சுட வேண்டும். விட்டால் குளிரில் தனியே வாடிச் சாகும். இந்தக் கடினமான வேலைக்கு ஓவியமும் இல்லை, விருந்தும் இல்லை.

விளைவு இரண்டு இடத்திலும் ஒன்றே. ஸ்காட்லாந்தில் நான்கு இன மான்களும் சேர்ந்து பத்து லட்சத்தை எட்டியிருக்கலாம் என்கிறார்கள். பைன் கன்று தலை நீட்டினால் மான் வாய்க்குப் போகிறது. கெய்ர்ன்கார்ம்ஸ் மலையின் கிளென் ஃபெஷியில் 2004-இலிருந்து மான்களைக் கடுமையாகக் குறைத்தார்கள். வேலி இல்லாமலேயே பைன் முளைத்தது. 2023-இல் ஸ்காட்லாந்து அரசு ஆண் மானுக்கான தடைக்காலத்தை நீக்கியது. சரியான நோக்கம், தவறான பாலினம் என்பேன். விற்பனைத் தடை உள்ள விஸ்கான்சினில் ஃப்ரீசர் நிறைந்ததும் கை நின்றுவிடுகிறது. விற்பனை உள்ள ஸ்காட்லாந்தில் கறிக்குக் கிடைக்கும் விலை, மலையிலிருந்து மானை இறக்கும் செலவுக்கே பல நேரம் காணாது. கறியை மட்டுமே விரும்பியிருந்தால் இரண்டு காடும் இவ்வளவு மொட்டையாகியிருக்காது.

இப்போது இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நோய் நிற்கிறது. மானின் மூளையை அரிக்கும் சி.டபிள்யூ.டி. (நாட்பட்ட நலிவு நோய்) 1967-இல் கொலராடோவில் கண்டறியப்பட்டு, 2002-இல் விஸ்கான்சினில் தெரிந்தது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோய்கண்ட மானின் கறியை உண்ண வேண்டாம் என்பது சுகாதாரத் துறையின் அறிவுரை. வேகவைத்தாலும் நோயை உண்டாக்கும் புரதம் அழியாது. இப்போது விஸ்கான்சினில் பல வேட்டைக்காரர்கள் மான் தலையைச் சோதனைப் பெட்டியில் போட்டுவிட்டு, தொண்டைக் கணுவின் முடிவு வரும் வரை கறியைத் தொடாமல் காத்திருக்கிறார்கள். 2016-இல் நோர்வேயின் காட்டுக் கலைமான்களிடமும் இது தெரிந்தது. ஐரோப்பாவில் அதுவே முதல் முறை. ஒரு கூட்டம் முழுவதையும், 2,000-க்கும் மேற்பட்ட விலங்குகளை, அங்கே சுட்டுத் தீர்த்தார்கள். ஸ்காட்லாந்தில் இன்னும் இல்லை. வந்தால், நோய் முற்றும் வரை மான் பார்வைக்கு ஆரோக்கியமாகவே இருக்கும். ஸ்டாக்கரின் விரலுக்கும் கையெழுத்துச் சீட்டுக்கும் அது பிடிபடாது. விஸ்கான்சினின் தலைப்பெட்டிகளைப் போன்ற சோதனையை ஸ்காட்லாந்து தன் குளிர் அறைகளில் இன்றே தொடங்கிவைக்க வேண்டும்.